மானுக்கு ஏது பாஸ்போர்ட்?

சிங்கத்தை நேரில் பார்க்க வேண்டுமென்ற ஆசை எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. என்னைப் பார்க்க வேண்டுமென்று எந்தச் சிங்கமும் ஆசைப்பட்டதாகத் தகவல் இல்லை. இப்படி இரு தரப்பிலும் விருப்பமின்றி ஏற்பட்ட சந்திப்பு ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். சிங்கத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. ஆனால் சிங்கத்தை முன்னால் நிறுத்தி வாசகர்களைப் பின்னால் அழைத்துப் போவது பத்திரிகை உலகில் யாரும் ஆட்சேபிக்காத வழக்கம் அல்லவா?

என் மகள் ஜோஹானஸ்பர்க் நகரத்தில் குடித்தனம் செய்கிறாள். ஆடி மாதத்தில் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். நமக்கு ஆடிக் காற்று வீசும் சமயத்தில் தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம். கம்பளிக்குள் சுருண்டு கிடந்து காப்பி குடிப்பதைத் தவிர வேறு உத்தேசம் எனக்கு இல்லை. அந்த நிம்மதியைக் கெடுத்தவர் அடுத்த வீட்டுப் பெரியவர்.

அவரை எல்லோரும் வாத்தியார் என்றே அழைத்தார்கள். டர்பன் நகரத்தில் பிறந்து, அங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்று, மகனோடு வசிப்பதற்காக ஜோஹானஸ்பர்க் வந்தவர். நம் தேசம் விடுதலை பெற்ற 1947-ம் வருஷமே அவர் பிறந்த வருஷம். 1860-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்களில் அவருடைய முன்னோரும் அடங்குவர். மாலை நேரப் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்றவராகையால் அவருடைய பேச்சில் இலக்கணம் அதிகம், வேகம் குறைவு.

"தம்பி, கலஹாரிக்குப் போய்ச் சிங்கம் பார்த்து வருவோமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"மிருகக்காட்சிசாலையில் பார்த்தால் போதாதா, ஐயா?" என்றேன்.

"போதாது. எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதை அங்கே போய்த்தான் தீர்க்க வேண்டும்."

சிங்கத்தினிடம் கடன் பட்டவரைப் பற்றி நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது பரிகாசம் செய்யத் தோன்றவில்லை. என் மாப்பிள்ளை மோட்டார் ஓட்டச் சம்மதித்தார். என் மனைவி நான்கு நாளைக்குக் கெடாதபடி புளியோதரை கட்டினாள். புறப்பட்டோம்.

தாகபூமி

நாங்கள் போன இடத்துக்குக் கலகாடி எல்லை கடந்த பூங்கா என்று பெயர். அந்நாட்டார் அந்தப் பெயரைத் தொண்டையின் அடியிலிருந்து உச்சரிக்கிறார்கள். நம் நாவுக்கு எட்டியபடி கலகாடி என்றே வைத்துக்கொள்வோம். தாகமுள்ள இடம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். கலஹாரி என்று நாம் பூகோளத்தில் படித்ததும் இதே சொல்லின் திரிபுதான்.

ஆரஞ்சு நதிக்கரையிலுள்ள அப்பிங்டன் என்னும் ஊரிலிருந்து வடக்கே சுமார் 250 கிலோமீட்டர் போனால் ட்வீ ரிவீரன் என்ற வாசல் வருகிறது. இரண்டு ஆறுகள் என்பது அதன் பொருள். பெயரைக் கேட்டதும் என் மனைவி ஸ்நானத்துக்குப் புடவை எடுத்து வைத்துவிட்டாள். போய்ப் பார்த்தால் இரண்டு ஆறுகளிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை! அவோப், நோசொப் என்னும் அவ்விரண்டும் மணல் ஆறுகள். நோசொப் கரை புரண்டு ஓடுவதை ஒரு மனிதன் தன் ஆயுளில் ஒரு தடவை கண்டால் அவன் பாக்கியசாலி.

பாக்கியசாலி என்றா சொன்னேன்? அதையும் நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. 1931-ம் வருஷம் தென்னாப்பிரிக்கா தன் பக்கத்து நிலத்தைத் தேசியப் பூங்காவாக்கியபோது யோஹானஸ் லெ ரிக் என்பவரைக் காவலராக நியமித்தது. 1934-ல் இரண்டு ஆறுகளிலும் வெள்ளம் வந்தது. வெள்ளத்தின் பின்னால் கொசு வந்தது. கொசுவின் பின்னால் மலேரியா வந்தது. காவலரும் அவருடைய உதவியாளரும் அதற்குப் பலியானார்கள். தம்பி யோப் லெ ரிக் தற்காலிகமாக அந்த வேலையைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டு வந்தார். அந்தத் தற்காலிகம் 1970 வரையில் நீடித்தது! தாகத்தால் மனிதர் மடியும் பூமியில் தண்ணீர் வந்து ஒருவர் மடிந்தார் என்றால், விதியின் விளையாட்டை என்னவென்று சொல்வது?

பாலைவனம் என்றதும் வெறும் மணல்தான் என்று எண்ணிவிட வேண்டாம். புல்வெளியும் இடையிடையே மரங்களுமாக இருக்கும் இத்தகைய பூமியை ஸவன்னா என்கிறார்கள். சிவந்த மணல்மேடுகள் அலை அலையாகப் போகின்றன. மேடுகளின் மேல் வைக்கோல் நிறத்தில் புல். ஆற்றுப் படுகையின் ஓரத்தில் பெரிய பெரிய முள் மரங்கள். அவை நம் ஊர்க் கருவேல மரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். காயையும் முள்ளையும் பார்த்தவுடன் என் மனைவி, "இது நம்ம பக்கத்து மரமாச்சே!" என்று உறவு கொண்டாடினாள்.

அந்த மரங்களில் கூரை வீட்டைத் தூக்கி வைத்தாற்போல் வைக்கோல் பொதிகள் தொங்கின. சிட்டுக்குருவி அளவேயுள்ள ஒருவகை நெசவுக் குருவிகள் கட்டிய கூடுகள் அவை. நம் தூக்கணாங்குருவி தனிக் குடித்தனம் செய்கிறது. இந்தக் குருவிகளோ நூற்றுக்கணக்கில் ஒரே கூரையின் கீழ்க் கூட்டுக் குடும்பம் நடத்துகின்றன. பகல் வெயிலும் இரவுக் குளிரும் உள்ளே எட்டாதபடி அவ்வளவு கனமாக வேய்ந்திருக்கின்றன. சில கூடுகள் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்பதுண்டு. குறும்பருந்து ஒன்று அந்தக் கூட்டிலேயே ஓர் அறையில் ஒண்டுக் குடித்தனம் இருப்பதும் உண்டு.

எந்தத் தேசத்துச் சிங்கம்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நோசொப் ஆற்றுப் படுகைதான் இரண்டு தேசங்களின் எல்லை. மேற்குக் கரை தென்னாப்பிரிக்கா. கிழக்குக் கரை போட்ஸ்வானா. பூங்காவின் முழு விஸ்தீரணம் சுமார் 38,000 சதுர கிலோமீட்டர். அதாவது கேரளம் முழுவதையும் உள்ளே வைத்தால் ஏறக்குறையச் சரியாயிருக்கும். அதில் முக்கால் பங்கு போட்ஸ்வானாவைச் சேர்ந்தது. ஆனால் நடுவே வேலி இல்லை, சுவர் இல்லை, துப்பாக்கி பிடித்த சிப்பாய் இல்லை. எல்லை என்பதற்கு அடையாளமாக ஆற்றுப் படுகையில் அங்கங்கே வெள்ளைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ட்வீ ரிவீரன் வாசலில் ஒரே கட்டிடத்தில் இரண்டு தேசத்து உத்தியோகஸ்தர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். வந்த வாசல் வழியாகவே திரும்பிப் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் முத்திரை ஒன்றும் வேண்டியதில்லை. உள்ளே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இரண்டு தேசத்திலும் சுற்றலாம். பாதை ஆற்றுப் படுகையோடு வளைந்து வளைந்து போகிறது. கல் ஒரு சமயம் நமக்கு வலப்புறம் இருக்கும். மறு நிமிஷம் இடப்புறம் இருக்கும். வாத்தியார் பின் ஆசனத்தில் உட்கார்ந்து, கல்லைத் தாண்டும்போதெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். எதற்கு எண்ணுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது நாள் காலையில் அந்தச் சந்திப்பு நிகழ்ந்தது. முள்மரத்து நிழலில் பழுப்பு நிறப் பாறை போல் ஒன்று தெரிந்தது. அந்தப் பாறைக்குக் கரிய பிடரி மயிர் இருந்தது. கலஹாரிச் சிங்கத்தின் பிடரி கறுப்புக்குப் பெயர் போனது. "மாப்பிள்ளை, கொஞ்சம் ஒதுக்கி நிறுத்துங்கள்" என்றேன். அவரும் மரியாதையுள்ள மாப்பிள்ளையாகையால் நன்றாகவே ஒதுக்கி நிறுத்தினார். சக்கரங்கள் மணலில் அரை அடி இறங்கிவிட்டன. முன்னால் போகப் பார்த்தார். இன்னும் நாலு விரற்கடை இறங்கிற்று. பின்னால் வரப் பார்த்தார். மேலும் நாலு விரற்கடை.

கீழே இறங்கித் தள்ளலாமென்றால், குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறு எங்கும் வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்பது சட்டம். எதிரே சிங்கம் இல்லாவிட்டாலும் நான் சட்டத்தை மதிக்கிறவன். சிங்கம் இருக்கும்போது என்னைப் போல் சட்டத்தை மதிக்கிறவன் உலகத்திலேயே கிடையாது.

"நாம் இருப்பது எந்தத் தேசம்?" என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

வாத்தியார் எட்டிப் பார்த்தார். வெள்ளைக் கல் எங்கள் வண்டிக்கு நேராக நின்றது. "முன் சக்கரம் போட்ஸ்வானா. பின் சக்கரம் தென்னாப்பிரிக்கா" என்றார்.

"அப்படியானால் அந்தச் சிங்கம்?"

"அதை அதனிடம்தான் கேட்க வேண்டும், அம்மா."

சிங்கம் பதில் சொல்லிற்று. எழுந்து சோம்பல் முறித்தது. எங்களை ஒரு பொருளாகவே மதிக்காமல் ஆற்றைக் கடந்து, அந்த எல்லைக் கல்லின் அருகே சென்று, அதை முகர்ந்து பார்த்து, சிங்கங்களின் வழக்கப்படி அதன்மேல் தன் அபிப்பிராயத்தை நாசூக்கில்லாமல் தெரிவித்துவிட்டு, போட்ஸ்வானா பக்கத்து மணல்மேட்டில் ஏறி மறைந்தது. வாத்தியார் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அரைமணி நேரம் கழித்துப் போட்ஸ்வானா இலக்கம் தாங்கிய பெரிய வண்டி ஒன்று வந்தது. அதிலிருந்தவர் நாலாபுறமும் ஜாக்கிரதையாகப் பார்த்துவிட்டு இறங்கி, கயிறு கட்டி எங்களை இழுத்துவிட்டார். சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் மணல் விழுங்காது என்றும் கற்றுக்கொடுத்தார். எவ்வளவு வற்புறுத்தியும் அவர் காசு வாங்கவில்லை. புளியோதரை வாங்கிக்கொண்டார்.

வாய் வார்த்தை

அன்று மாலை விடுதியில் இப்பூங்காவின் சரித்திரத்தைப் படித்தேன். தென்னாப்பிரிக்கா 1931-ல் தன் பக்கத்தைப் பூங்காவாக்கிற்று. பெச்சுவானாலாந்து என்ற பெயருடன் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த இன்றைய போட்ஸ்வானா, 1938-ல் எதிர்க்கரையை மிருகங்களுக்கு ஒதுக்கிற்று. பிறகு 1948-ல் இரு தரப்பு அதிகாரிகளும் பேசி, நடுவே தடையின்றி இரண்டையும் ஒன்றாகவே பாதுகாப்பது என்று வாய் வார்த்தையாக ஒப்புக்கொண்டார்கள். எழுத்தில்லை, முத்திரையில்லை. ஐம்பது வருஷம் அந்த வாய் வார்த்தை நின்றது. 1999-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி அதை முறையான ஒப்பந்தமாக எழுதினார்கள். 2000-ம் வருஷம் மே 12-ந் தேதி போட்ஸ்வானா ஜனாதிபதி பெஸ்டஸ் மொகாயேயும் தென்னாப்பிரிக்க ஜனாதிபதி தாபோ ம்பெக்கியும் சேர்ந்து திறந்து வைத்தார்கள். ஆப்பிரிக்காக் கண்டத்தில் இவ்வாறு முறைப்படி இணைந்த முதல் பூங்கா இதுவே.

வேலி இருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இந்தப் பூமியில் மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. இங்கே ஒரு தூறல், அங்கே ஒரு தூறல். எங்கே பெய்ததோ அங்கே புல் முளைக்கும். புல் முளைத்த இடத்துக்கு மான் போகவேண்டும். மான் போன இடத்துக்குச் சிங்கம் போகவேண்டும். போட்ஸ்வானாவின் வேறு பகுதிகளில் கால்நடை நோய் பரவாமலிருப்பதற்காக 1950-களிலிருந்து நீளமான கம்பி வேலிகள் போட்டார்கள். வறட்சி வந்தபோது, தண்ணீரைத் தேடிச் சென்ற வில்டபீஸ்ட் என்னும் தாடி வைத்த பெரிய மான்கள் ஆயிரமாயிரமாய் அந்த வேலியோரத்தில் விழுந்து மாண்டன. வேலி ஒன்றும் செய்யவில்லை; சும்மா நின்றது. அது போதுமாயிருந்தது.

பூங்காவின் மேற்கு ஓரத்திலும் வேலி இருக்கிறது. அப்பால் நமீபியா. 1890-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் பெர்லினில் உடன்படிக்கை செய்துகொண்டு, கிழக்குத் தீர்க்கரேகை இருபதாவது பாகையைப் பிடித்து நேர்கோடு கிழித்தார்கள். மணல்மேட்டையோ மரத்தையோ மனிதரையோ பார்த்துக் கிழித்த கோடு அன்று அது. ஊரார் வீட்டில் கோடு கிழிப்பவர்களுக்குக் கை நடுங்குவதில்லை. 1947-ல் ஐந்தே வாரத்தில் நம் வீட்டில் கிழித்த கோட்டை நாமும் மறக்கவில்லையே! அந்த மேற்கு ஓரத்து வாசலின் பெயர் மாட்டா மாட்டா. பல வருஷம் மூடிக்கிடந்து 2007-ல்தான் திறந்தது. "பெயரே மாட்டா மாட்டா என்றால் கதவு எப்படித் திறக்கும்?" என்றாள் என் மனைவி.

நான் படித்ததையெல்லாம் வாத்தியாரிடம் சொன்னேன். 1948 என்றதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"1948-ல் வேறொன்றும் நடந்தது, தம்பி. அந்த வருஷத் தேர்தலில்தான் நிறவேற்றுமையைச் சட்டமாக்குவோம் என்றவர்கள் எங்கள் நாட்டில் பதவிக்கு வந்தார்கள். எனக்கு அப்போது ஒரு வயது. மான்களுக்கு எல்லையைத் திறந்த அதே வருஷத்தில் எங்களுக்கு ஊருக்குள்ளேயே கோடு கிழிக்க ஆரம்பித்தார்கள்."

மரத்துக்கு வெளியே

மறுநாள் விடியற்காலையில், துப்பாக்கி ஏந்திய காவலரும் வழிகாட்டியும் உடன் வர, மணல்மேட்டில் கொஞ்ச தூரம் நடந்தோம். வழிகாட்டி அந்த மண்ணின் ஆதிக்குடிகளான ஸான் வகுப்பைச் சேர்ந்த வாலிபன். நாம் காலையில் தினப்பத்திரிகை படிப்பதுபோல் அவன் மணலைப் படித்தான். இரவு இங்கே நரி போயிற்று. தேள் ஒன்று இங்கே குறுக்கிட்டது. இந்த மான் நொண்டுகிறது என்று வரிசையாகச் சொன்னான். தர்பூசணிக்கு உறவான காட்டுக்காய் ஒன்றைப் பறித்துக் காட்டினான். ட்ஸாமா என்று அதற்குப் பெயர். ஈட்டி போல் நேரான கொம்புகளையுடைய ஜெம்ஸ்பாக் என்னும் மான் தண்ணீரே குடிக்காமல் மாதக்கணக்கில் பிழைப்பது இந்தக் காயின் சாற்றினால்தானாம். ஸான் மக்களும் வெகு காலம் அப்படியே பிழைத்தார்கள்.

தூரத்தில் ஒரு மரத்தைச் சுட்டிக்காட்டி அவன் சொன்னான்: "என் பாட்டி இந்தப் பூங்காவில் ஒரு மரத்தடியில் பிறந்தவள். ஆனால் நாங்கள் வெளியில் வளர்ந்தோம்."

அவன் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் தலை குனிந்தது. மிருகங்களுக்காக வேலியை எடுத்த கதையை மெச்சிக்கொண்டிருந்தேன் அல்லவா? அந்தக் கதைக்கு மறுபக்கம் இருந்தது. பூங்கா ஏற்பட்ட பின், அங்கே வேட்டையாடிக் கிழங்கு தோண்டி வாழ்ந்த கோமானி ஸான் மக்களைச் சிறிது சிறிதாக வெளியேற்றினார்கள். 1970-களில் கடைசிக் குடும்பங்களும் வெளியே போயின. சாலையோரத்திலும் பிறர் பண்ணைகளிலும் அவர்கள் சிதறினார்கள். தாய்மொழியைப் பேசக் கூட்டமில்லாமல் அம்மொழியே அழிந்ததாக எல்லோரும் எண்ணிய காலமும் வந்தது. மானைக் காப்பாற்றியவர்கள், மானோடு பிறந்த மனிதரைக் காப்பாற்ற மறந்தார்கள்.

1994-ல் தேசம் முழுவதற்கும் வாக்குரிமை வந்தது. மறு வருஷமே அம்மக்கள், டாவிட் க்ரைப்பர் என்பவரின் தலைமையில், நிலத்தைத் திரும்பக் கேட்டு மனுச் செய்தார்கள். 1999-ம் வருஷம் மார்ச் 21-ந் தேதி அவர்கள் உரிமையை அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 2002-ல் பூங்காவுக்குள்ளேயே 25,000 ஹெக்டேர் நிலம் அவர்களைச் சேர்ந்தது. அண்டையிலுள்ள மியர் சமூகத்தாருக்கும் அதே அளவு கிடைத்தது. இரு சமூகத்தாருக்கும் பொதுவான விடுதி ஒன்று 2007 முதல் உள்ளே நடந்து வருகிறது. அதன் பெயருக்கு இதயம் என்று பொருள். 2017-ல் யுனெஸ்கோ சபை கோமானி மக்களின் அந்தப் பூமியை உலகப் பாரம்பரியச் சொத்துக்களில் சேர்த்தது.

"மொழி?" என்று வாத்தியார் கேட்டார்.

"சில கிழவிகளிடம் மிஞ்சியிருந்தது. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் தெரியும்" என்றான் வாலிபன்.

"எனக்கும் என் மொழி மாலைப் பள்ளிக்கூடத்தில்தான் கிடைத்தது" என்று சொல்லி வாத்தியார் அவன் தோளில் கை வைத்தார்.

பழைய காகிதம்

அன்றிரவு கடுங்குளிர். விறகு மூட்டி அதைச் சுற்றி உட்கார்ந்தோம். வானத்தில் அத்தனை நட்சத்திரங்களை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. எங்கோ தூரத்தில் சிங்கம் உறுமியது. அது எந்தத் தேசத்திலிருந்து உறுமுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நெருப்பு வெளிச்சத்தில் பிரித்தார். மடிப்பில் கிழிந்து, பழுத்துப்போன காகிதம்.

"இது என் தகப்பனார் வாங்கிய அனுமதிச் சீட்டு. அந்தக் காலத்தில் இந்திய வம்சத்தார் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலுக்குப் போக வேண்டுமானால் சர்க்காரிடம் சீட்டு வாங்கவேண்டும். பிறந்த நாட்டுக்குள்ளேயே, தம்பி! ஆரஞ்சு ப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் நாங்கள் குடியிருக்கவே முடியாது. 1891-ம் வருஷத்துச் சட்டம் அது. 1986 வரையில் இருந்தது."

"என் தகப்பனார் மார்க்கெட்டுக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். 1957-ல் ஜோஹானஸ்பர்க்கில் அத்தைக்குக் கல்யாணம். சீட்டு வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டோம். போல்க்ஸ்ரஸ்ட் எல்லையில் நிறுத்தினார்கள். எங்கள் தலையை எண்ணினார்கள். எனக்குப் பத்து வயது. வண்டிக்குள்ளிருந்து பார்த்தேன். மாடுகள் சில மேய்ந்துகொண்டே நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலுக்குப் போயின. 'அப்பா, அந்த மாட்டுக்குச் சீட்டு வேண்டாமா?' என்று கேட்டேன். அப்பா முதலில் சிரித்தார். பிறகு வெகு நேரம் பேசவில்லை."

போல்க்ஸ்ரஸ்ட்! அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1913-ம் வருஷம் நவம்பர் 6-ந் தேதி காந்திஜி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களுடன், சீட்டில்லாமல் எல்லையைத் தாண்டிய இடம் அதுவல்லவா? சுரங்கத் தொழிலாளர்களைத் தட்டி எழுப்பியவர்களில் தமிழ்ப் பெண்கள் முன்னணியில் நின்றார்கள். பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, வியாதியோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் உயிர் நீத்தாள்.

"எங்கள் ஆயாவும் அந்தக் கூட்டத்தில் நடந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள்" என்றார் வாத்தியார். "திரும்பி வரும்போது அப்பாவிடம், 'சிங்கம் காட்டுவதாகச் சொன்னாயே' என்று அழுதேன். தேசியப் பூங்காக்களின் விடுதிகள் அப்போது வெள்ளையருக்கென்று கட்டியவை. எங்களைப் போன்றவர்கள் குடும்பத்தோடு போய்த் தங்குவதற்கு இடமே இல்லாத மாதிரிதான். அதையெல்லாம் பத்து வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது? 'அடுத்த தடவை காட்டுகிறேன், கண்ணு' என்றார். பிறகு நாங்கள் குடியிருந்த கேட்டோ மேனர் பேட்டையையே வெள்ளையருக்கென்று ஒதுக்கி, எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அப்பா அங்கே வெகு நாள் இருக்கவில்லை. அடுத்த தடவை என்பது வரவேயில்லை."

நெருப்பு வெடித்தது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

"இன்று வரையில் பதினேழு தடவை எல்லையைத் தாண்டியிருக்கிறோம். எண்ணினேன். ஒரு தடவைகூட யாரும் சீட்டுக் கேட்கவில்லை. சிங்கமும் பார்த்தாயிற்று" என்றார் வாத்தியார்.

என் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தேசாபிமானம் வேண்டாம், எல்லையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. தேசத்தை இழந்திருந்தவர்களுக்குத்தான் தேசத்தின் அருமை தெரியும். போட்ஸ்வானா தன் மண்ணில் ஓர் அங்குலத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை, தென்னாப்பிரிக்காவும் விட்டுக்கொடுக்கவில்லை. கல் நட்ட இடத்திலேயே இருக்கிறது. இருந்தும் கம்பி வேலி வேண்டியிருக்கவில்லை. அண்டை வீட்டானிடம் நம்பிக்கை இருந்தால் எல்லைக்கு ஒரு கல் போதும். நம்பிக்கை இல்லாவிட்டால் எத்தனை கம்பி போட்டாலும் போதாது. இதை மான்கள் விஷயத்தில் மனிதர்கள் 1948-லேயே அறிந்திருந்தார்கள். மனிதர்கள் விஷயத்தில் அறிந்துகொள்ள இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. அந்த அரை நூற்றாண்டுக்குள் ஒரு தகப்பனார் சொன்ன அடுத்த தடவை முடிந்து போயிற்று.

மறுநாள் ட்வீ ரிவீரன் வாசலுக்குத் திரும்பி வந்தோம். வாசலில் இருந்த இளம்பெண், உள்ளே வரும்போது கொடுத்த அனுமதிச் சீட்டைக் கேட்டாள். வாத்தியார் பையில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள்; நெற்றியைச் சுருக்கினாள்; மறுபடியும் படித்தாள். வாத்தியார் கை தவறித்தான் பழைய காகிதத்தைக் கொடுத்துவிட்டாரா, அல்லது வேண்டுமென்றே கொடுத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் அதைப் பழைய மடிப்பிலேயே மெதுவாக மடித்தாள். இரண்டு கைகளாலும் அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"தாத்தா, இதன் தவணை முடிந்துவிட்டது" என்றாள்.

"ஆம், அம்மா. முடிந்துவிட்டது" என்றார் வாத்தியார்.